கறிக்கோழிக்குப் புளித்த தீவனம்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மடிநோய் கண்ட மாட்டுக்குக் காம்பு வழியாக டியூப் மருந்து ஏற்றியிருப்போம். மறுநாள் அந்தப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. எவ்வளவு நல்ல உறைமோர் விட்டாலும் பால் பாலாகவே நிற்கும். காரணம் என்ன? மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்து பாலிலும் வருகிறது. நோய்க்கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து, பாலைத் தயிராக்குகிற நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்று விடுகிறது. இவன் வேண்டியவன், இவன் வேண்டாதவன் என்று மருந்துக்குப் பார்க்கத் தெரியாது. அந்தப் பாலைக் குடிக்கவும் கூடாது, சொசைட்டிக்கு ஊற்றவும் கூடாது என்பது வேறு சங்கதி.

கோழியின் குடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. நோய் இருக்கிறதோ இல்லையோ, குஞ்சு வந்த நாள் முதல் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கிற பழக்கம் நம் பண்ணைகளில் ஊறிப் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் புளிக்க வைத்த தீவனத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் குஞ்சைப் பார்ப்போம். நாட்டுக்கோழி அடை வைத்துப் பொரித்த குஞ்சு, தாயின் பின்னாலேயே சுற்றுகிறது. தாய் கிளறிய இடத்தில் கொத்துகிறது, தாய் எச்சமிட்ட மண்ணிலேயே மேய்கிறது. அப்படி மேயும்போது தாயின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் ஓரிரு நாளில் குஞ்சின் குடலுக்கு வந்து சேர்ந்து விடுகின்றன. நமது பிராய்லர் குஞ்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது பொரிப்பகத்தில் இயந்திரத்துக்குள் பொரிந்து, பெட்டியில் ஏறி, வண்டியில் வந்து நம் கொட்டகையில் இறங்குகிறது. தாயின் முகம் தெரியாத குஞ்சு. அதன் குடல் புதிதாக உழுது போட்ட காடு மாதிரி வெறுமனே கிடக்கிறது. முதலில் எந்த விதை விழுகிறதோ அதுதான் முளைக்கும். நாம் நல்ல விதை போடாவிட்டால் கோரையும் அருகும் தானாக வந்து ஏறிக் கொள்ளும்.

இது வெறும் உவமை அல்ல. பின்லாந்து தேசத்தில் 1971-ஆம் ஆண்டு கறிக்கோழிகளில் சால்மொனெல்லா என்ற கிருமி பெரிய அளவில் பரவியது. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கிற கிருமி அது. அப்போது எஸ்கோ நுர்மி என்பவரும் ரந்தாலா என்பவரும் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்துக் கரைத்து, பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு சால்மொனெல்லா கிருமியையும் கொடுத்தார்கள். கரைசல் குடித்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை அந்தக் கிருமியால் பிடிக்க முடியவில்லை. குடிக்காத குஞ்சுகளில் சுலபமாகப் பிடித்துக் கொண்டது. 1973-இல் இதை வெளியிட்டார்கள். இடத்தை நல்லவர்கள் முதலில் பிடித்துக் கொண்டால் கெட்டவர்களுக்கு உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்.

சரி, இந்த ஆன்டிபயாடிக் எப்படித் தீவனத்துக்குள் வந்தது? அதுவும் ஒரு வேடிக்கையான கதை. அமெரிக்காவில் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியில் 1948-ஆம் ஆண்டு ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோழிக் குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 கிடைக்க மலிவான வழி தேடிக் கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் ஆரியோமைசின் மருந்து தயாரிக்கக் கிருமியைப் புளிக்க வைப்பார்கள். மருந்தை எடுத்த பின் மீதியாகும் சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பி12 மட்டும் கொடுத்த குஞ்சுகளைவிட அவை வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் மருந்துதான் அதற்குக் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, ஆன்டிபயாடிக் தீவனமும் ஒரு புளித்த சக்கையில்தான் பிறந்தது! அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, பல்லடம், உடுமலை வரைக்கும் வந்து சேர்ந்தது.

வளர்ச்சிக்காகச் சிறு அளவில் தினமும் போடுவதில்தான் வினை இருக்கிறது. கிருமியை முழுசாகச் சாகடிக்க அந்த அளவு போதாது. பலவீனமான கிருமி சாகும், பலமானது தப்பிக்கும். தப்பித்தது பெருகும். பேட்ச் மேல் பேட்ச் இப்படியே போனால், கொட்டகையில் மிச்சம் இருப்பதெல்லாம் மருந்துக்கு அசையாத கிருமிதான். ஒரே பூச்சி மருந்தை வருஷா வருஷம் அடித்துப் பருத்திக் காய்ப்புழுவுக்கு மருந்து பிடிக்காமல் போன அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு அல்லவா? அதே கணக்குத்தான்.

காய்ப்புழு காட்டோடு நின்றது. இந்தக் கிருமி அப்படி நிற்காது. கூளத்தை அள்ளுகிற ஆளின் கையில் ஒட்டும், கோழி எருவோடு வயலுக்குப் போகும், தண்ணீரில் கலக்கும், வீட்டுக்கும் வரும். நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடும்போது, டாக்டர் போடுகிற ஊசி கேட்காமல் போனால் என்ன செய்வது? கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. அதைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தோம். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனக் கலவைகளுக்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. இன்றைக்கும் யாராவது பழைய டப்பாவைக் காட்டி, "போடுங்க, நல்லா நிக்கும்" என்று சொன்னால் வாங்காதீர்கள்.

பண்ணைகளுக்குப் போகும்போது இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "அதெல்லாம் சரிங்க டாக்டர். மருந்து போடாம விட்டா கோழி நிக்குமுங்களா? எடை வருமுங்களா? நட்டம் வந்தா ஆரு குடுப்பா?" நியாயமான கேள்வி. கொட்டகைக் கடனுக்கு வட்டி கட்டுகிறவர் கேட்கிற கேள்வி. இதற்கு உபதேசத்தால் பதில் சொல்லக் கூடாது, கணக்கால் சொல்ல வேண்டும்.

டென்மார்க் நாட்டில் 1998-இல் கறிக்கோழி வளர்ப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து, வளர்ச்சிக்காகப் போடும் ஆன்டிபயாடிக்கை ஒட்டுமொத்தமாக நிறுத்தினார்கள். முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான பேட்ச்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சாவு கூடவில்லை. கொட்டகைப் பரப்பில் கிடைத்த கறியின் எடை குறையவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம் மட்டும் 0.016 கிலோ கூடியது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1,000 கோழி, தலா 2 கிலோ என்றால் 2,000 கிலோ. 2,000 கிலோவுக்கு 32 கிலோ தீவனம் கூடுதல். 50 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டைகூட இல்லை. மருந்துக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகிறதே, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஸ்வீடன் 1986-லேயே இதைத் தடை செய்து விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி முதல் தடை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. டென்மார்க்காரர்கள் ரத்தக்கழிச்சலுக்குத் தீவனத்தில் கலக்கும் மருந்தை நிறுத்தவில்லை. அவர்கள் கொட்டகையும் சுத்தமான கொட்டகை. ஆன்டிபயாடிக் தீவனம் அழுக்குக் கொட்டகையில்தான் அதிகம் வேலை செய்யும், சுத்தமான கொட்டகையில் அதன் பலன் கொஞ்சம்தான் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்: நம்மில் பலர் மருந்துக்குக் கொடுக்கும் காசு, ஈரக் கூளத்துக்கும் பாசி பிடித்த தண்ணீர்க் குழாய்க்கும் கொடுக்கும் அபராதம்.

இனிப் புளித்த தீவனத்துக்கு வருவோம். புளிப்பு நமக்குப் புதிதா? இட்லி மாவை ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. பழைய சோற்றில் நீராகாரம் புளிக்கிறது. மோர் புளிக்கிறது. இவை எல்லாவற்றிலும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கிருமிகள்தான் வேலை செய்கின்றன. தீவனத்தை ஈரப்படுத்திக் காற்றுப் புகாமல் வைத்தாலும் அதே வேலை நடக்கும். அப்போது என்ன ஆகிறது? சாதாரணத் தீவனத்தின் புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 6-ஐ ஒட்டி இருக்கும். நன்றாகப் புளித்ததும் அது 4.5-க்கும் கீழே இறங்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம். அந்தப் புளிப்பில் சால்மொனெல்லா போன்ற கிருமிகளால் வாளிக்குள் தலை தூக்க முடியாது. கோழி அதைத் தின்றதும் தீனிப்பையிலும் புளிப்பு ஏறுகிறது. வாய் வழியாக வருகிற கெட்ட கிருமிக்கு அங்கேயே முதல் செக்போஸ்ட். குடலில் இந்த லாக்டிக் அமிலத்தைத் தின்று வேறு சில நல்ல கிருமிகள் பியூட்டிரிக் அமிலம் என்று ஒன்றைத் தருகின்றன. குடல் சுவருக்கு அதுவே ஆகாரம். குடல் சுவர் திடமாக இருந்தால் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டும், எச்சம் இளகாது.

இன்னொரு பலனும் உண்டு. சோயாப் புண்ணாக்கில் கோழியால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. எச்சம் பிசுபிசுப்பாகப் போவதற்கு அவையும் ஒரு காரணம். புளிக்கும்போது கிருமிகள் அவற்றைத் தின்று விடுகின்றன. தானியத்தில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தும் கொஞ்சம் அவிழ்ந்து வருகிறது.

கடையில் இந்த வகையில் பல சரக்கு விற்கிறது. ஈஸ்ட் கொண்டு புளிக்க வைத்துக் காய வைத்த தூள், பேசில்லஸ் என்ற கிருமியால் புளிக்க வைத்த சோயா, உயிருள்ள லாக்டோபேசில்லஸ் பொட்டலம் என்று பெயர்கள் பலவிதம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது நீராவியில் நல்ல சூடு ஏறும். அந்தச் சூட்டில் லாக்டோபேசில்லஸ் செத்து விடும். பேசில்லஸ் கிருமி வித்து வடிவில் ஓடு போட்டுக் கொண்டு இருப்பதால் சூட்டைத் தாங்கும். ஆகவே தீவன மில்லில் கலப்பதற்கு ஒன்று, பண்ணையில் தண்ணீரில் கலப்பதற்கு வேறொன்று. கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். காலாவதி தேதியையும் பாருங்கள். செத்துப் போன கிருமியைக் காசு கொடுத்து வாங்கி என்ன பிரயோஜனம்?

கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பவர்கள் நம்மில் அதிகம். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கிறது, வளர்ப்புக் கூலி நமக்கு. அவர்கள் கம்பெனி டாக்டரைக் கேட்காமல் தீவனத்தில் எதையும் கலக்கக் கூடாது. பின்னால் எடை குறைந்தால் பழி உங்கள் மேல்தான் வரும். ஆனால் கேட்பதில் தப்பில்லை. இந்தத் தீவனத்தில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் இருக்கிறதா, அதற்குப் பதில் புளித்த சரக்கு ஏதாவது சேர்க்கிறீர்களா என்று சூபர்வைசரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் வரும்.

சொந்தமாக 200, 500 என்று வளர்த்து உள்ளூரில் விற்பவர்களுக்கு இப்போது செய்முறை சொல்கிறேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், எழுதிக் கொள்ளுங்கள்.

கடைத் தீவனத்தை அப்படியே புளிக்க வைப்பதைவிட, மக்காச்சோளக் குருணை இரண்டு பங்கும் சோயாப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கும் தனியாக வாங்கிக் கொள்வது நல்லது. கடைத் தீவனத்தில் பெரும்பாலும் ஏதாவது மருந்து கலந்திருக்கும். உறை தோயாத பாலைப் போல அதுவும் சரியாகப் புளிக்காது. குருணையும் புண்ணாக்கும் சேர்ந்து 2 கிலோ எடுத்தால், ஒரு லிட்டர் தண்ணீர், கால் லிட்டர் நல்ல புளித்த மோர், 50 கிராம் நாட்டுச் சர்க்கரை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மோரையும் ஊற்றிக் கலந்து, குருணையில் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. உப்புப் போட வேண்டாம். தண்ணீர் பிளீச்சிங் பவுடர் போடாத தண்ணீராக இருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரில் மோரை ஊற்றினால் மோரில் இருக்கிற கிருமி செத்துப் போகும், பிறகு புளிப்பது எங்கே?

பிசைந்ததை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அழுத்தி அழுத்திப் போடுங்கள். இரும்பு வாளி, அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அரித்து விடும். மேலே ஒரு பாலித்தீன் தாளைப் பரப்பி, அதன் மேல் ஒரு கல்லை வைத்து மூடுங்கள். காற்று உள்ளே போனால் புளிப்பதற்குப் பதில் பூசணம் பிடிக்கும். வெய்யில் காலத்தில் ஒரு நாள், மார்கழி, தை மாதத்தில் இரண்டு நாள் நிழலில் இருந்தால் போதும். மூடியைத் திறந்தால் இட்லி மாவு வாசனை, மோர் வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றமோ, பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணமோ கண்டால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் போடலாம் என்று பார்க்காதீர்கள். முழுவதையும் குப்பைக் குழியில் கொட்டி மூடுங்கள். மருந்துக் கடையிலும் ஆய்வுக்கூடச் சாமான் கடையிலும் பி.எச். காகிதம் கிடைக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தை நனைத்துப் பார்த்தால் 4-க்கும் 4.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் இன்னும் அரை நாள் விடுங்கள்.

இதில் முக்கியமான ஒன்று. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்தால் சரியாகி விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆகாது. பூசணம் விட்டுப் போன அஃப்ளாடாக்சின் நஞ்சு இந்த வாளியில் போய்விடும் என்று நம்ப முடியாது. கோழியின் ஈரலைத் தின்று தீர்க்கிற நஞ்சு அது. நல்ல தானியம்தான் நல்ல புளிப்பாகும்.

கொடுக்கிற அளவு. மொத்தத் தீவனத்தையும் இப்படிப் புளிக்க வைக்கக் கூடாது. தீவனத்தில் தனியாகச் சேர்த்திருக்கும் லைசின் போன்ற சத்துக்களை வாளிக்குள் இருக்கும் கிருமிகளே தின்று விடும், கோழிக்கு மிஞ்சாது. அதனால்தான் இதைத் தீவனம் என்று சொல்லாமல் துணைத் தீவனம் என்று சொல்கிறோம். முதல் வாரத்தில் 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ என்ற கணக்கில் தொடங்குங்கள். இரண்டாம் வாரம் முதல் 5 கிலோ, 7 கிலோ வரை போகலாம். 500 கோழி மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 45 கிலோ தீவனம் தின்னும். அதற்கு நான் சொன்ன 2 கிலோ குருணையில் கிடைக்கும் ஈர மாவு மூன்றேகால் கிலோ சரியாக இருக்கும். குச்சித் தீவனத்தோடு கலக்காதீர்கள், குச்சி ஊறிக் கரைந்து போகும். தனித் தட்டில் காலையில் பாதி, சாயங்காலம் பாதி வையுங்கள். எல்லாக் கோழிக்கும் எட்டும்படி தட்டுகள் பரவலாக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் வைக்க வேண்டும். மிச்சத்தை அப்படியே விட்டால் ஈ மொய்க்கும், கெட்டுப் போகும். தட்டை எடுத்துக் கழுவி வெய்யிலில் கவிழ்த்து விடுங்கள். மூன்று வாளி வைத்துக் கொண்டால் வேலை சுலபம். ஒன்று இன்றைக்குப் பிசைந்தது, ஒன்று புளித்துக் கொண்டிருப்பது, ஒன்று இன்றைக்குக் கொடுப்பது. நன்றாகப் புளித்த வாளியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுத்ததற்கு உறையாகவும் போடலாம். ஆனால் வாரம் ஒரு முறை வாளியைத் தேய்த்துக் கழுவிப் புது மோரில் தொடங்குவது நல்லது.

மோரையே நேராகத் தண்ணீரில் கலந்து விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நிப்பிள் குழாய் வைத்திருப்பவர்கள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். குழாய்க்குள் தயிர் படிந்து நிப்பிள் அடைத்துக் கொள்ளும். கோழி தண்ணீர் இல்லாமல் வாடும். கையால் ஊற்றுகிற தண்ணீர்த் தட்டு வைத்திருந்தால் கொஞ்சம் மோர் கலக்கலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. மோரில் இருக்கும் கிருமிகள் எல்லாமே கோழிக் குடலில் குடியேறி நிரந்தரமாகத் தங்கும் என்றும் சொல்ல முடியாது. வந்து வேலை செய்து விட்டுப் போகிற கூலியாள் மாதிரிதான் பல. ஆகையால்தான் ஒரு நாள் கொடுத்து நிறுத்தாமல் தினமும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புளித்த மாவு கொடுக்கிறோம் என்பதற்காகத் தடுப்பூசியை விட்டு விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலும் கம்போரோவும் வைரஸ் நோய்கள். அவற்றுக்குப் புளிப்பும் கேட்காது, ஆன்டிபயாடிக்கும் கேட்காது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. தீவனத்தில் அதற்குச் சேர்க்கும் மருந்தை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்த வேண்டாம். ரத்தக்கழிச்சல் கண்டு குடல் சுவர் புண்ணானால், அந்தப் புண்ணில்தான் குடல் அழுகல் நோய்க் கிருமி வந்து உட்காரும். ஒன்று கதவைத் திறக்கும், மற்றொன்று உள்ளே நுழையும்.

கொட்டகையைப் பற்றி ஓரிரு வார்த்தை. கூளத்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். விட்டதும் உதிர்ந்தால் சரி. கோழியின் மட்டத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. நாம் நின்றபடியே கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து விடுகிறோம், நமக்குத் தெரிவதில்லை. ஒழுகுகிற நிப்பிளை அன்றைக்கே மாற்றுங்கள். ஒரு பேட்ச் போன பின் கூளத்தை முழுவதும் அள்ளிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கொட்டகையை இரண்டு வாரமாவது காலியாகப் போடுங்கள். அடுத்த குஞ்சுக்கு அவசரப்பட்டு ஐந்தாம் நாளே இறக்குவதில் கிடைக்கிற லாபம் மருந்துக் கடைக்குத்தான் போய்ச் சேரும்.

இவ்வளவும் செய்தும் கோழி நோயில் விழலாம். சோர்ந்து உட்காரும், இறகைச் சிலிர்க்கும், எச்சம் நுரைத்தோ ரத்தமாகவோ போகும், தீவனம் தேங்கும். அப்போது புளித்த மாவைக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்து விடாதீர்கள். இது வருமுன் காக்கிற காரியம், வந்த பின் தீர்க்கிற மருந்து அல்ல. அன்றைக்குச் செத்த கோழி இரண்டை எடுத்துக் கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நம் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்கள் மற்ற மாவட்டங்களிலும் இருக்கின்றன. கிருமியால் வந்த நோய் என்று தெரிந்தால் அவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் முழுசாகக் கொடுங்கள். பாதியில் நிறுத்துவதும் தப்பு. மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பது பாட்டிலிலேயே போட்டிருக்கும். அதற்கு முன்னால் வியாபாரி வந்து நின்றாலும் கோழியைப் பிடிக்க விடக் கூடாது. அந்த மருந்து கொடுக்கும் நாட்களில் புளித்த மாவை நிறுத்தி வையுங்கள், வீணாகும். மருந்து முடிந்த மறுநாளே மறுபடி தொடங்குங்கள். காலியான குடலில் யார் முதலில் ஏறுவது என்ற பந்தயம் அப்போது மறுபடி ஆரம்பமாகிறது.

நான் சொன்னேன் என்பதற்காக முழுக் கொட்டகையிலும் ஒரே நாளில் மாற்றி விடாதீர்கள். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கும்போது கொட்டகையின் நடுவே வலை அடித்து இரண்டாகத் தடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை, ஒரே நாள் குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ஒரு பக்கத்துக்கு மட்டும் புளித்த மாவு. ஒரு பக்கம் வாசலும் இன்னொரு பக்கம் மூலையும் என்று வைக்காதீர்கள், காற்றோட்டம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டில் தினம் செத்ததை எழுதுங்கள், மூட்டைக் கணக்கை எழுதுங்கள். வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு 20 கோழியைக் கண்ணை மூடிக் கொண்டு பிடித்து எடை போடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பிடித்தால் கணக்கு நம்மையே ஏமாற்றும். ஒரு பேட்ச்சில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வெய்யில் காலத்தில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என்று இரண்டு மூன்று பேட்ச் பாருங்கள். அந்த நோட்டை எடுத்துக் கொண்டு உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் போனால், உங்கள் கொட்டகைக்கு எத்தனை கிலோ சரி என்று அவர் இன்னும் துல்லியமாகச் சொல்வார்.